இருவர் அமர்வு

மேனாம்பேடு, அம்பத்தூர்
19.5.2025

அனுப்புநர்: சு. தேவராஜ், கிரைண்டிங் தொழிலாளி (ஓய்வு)
பெறுநர்: திருமதி அனுசுயா, விற்பனையாளர், ரேஷன் கடை, திருமழிசை
பொருள்: அமர்வின் முன் ஆஜராகக் கோருதல் தொடர்பாக.

அம்மையீர்,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக அல்ல. தாங்கள் என் உடன்பிறந்த தங்கை என்ற உறவுக்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை.

சென்ற வாரம் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். "டிஜிட்டல் சமூகம் மாநாடு. செப்டம்பர், சென்னை. அமர்வுகளுக்கான முன்மொழிவுகள் வரவேற்கப்படுகின்றன. ஒவ்வொரு அமர்விலும் குறைந்தது இருவர் இடம்பெற வேண்டும். கடைசி நாள் ஜூன் 20."

அமர்வு என்றால் என்ன என்று தினமும் பேப்பர் படிக்கிறவனுக்குத் தெரியும். இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்தால் அது இருவர் அமர்வு. கம்ப்யூட்டர், மெஷின் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கென்று தனி அமர்வு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இதுவரை நாற்பத்தோரு மனு போட்டிருக்கிறேன். எல்லாம் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது.

குறைந்தது இருவர் என்றால் மனுதாரர் ஒருவர், எதிர்மனுதாரர் ஒருவர். மனுதாரர் நான். எதிர்மனுதாரர் நீ.

சம்பவம் உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். 8.8.2019, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நீ அப்போது மேனாம்பேடு கடையில் விற்பனையாளர். என் மனைவி கமலம் ரேகை மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மண்ணெண்ணெயில் போல்ட் கழுவிய விரல்கள். ஒன்றும் பதியவில்லை. வரிசையில் நின்ற முப்பது பேர் முன்னால் நீ சொன்னாய்: "மெஷின் நீங்க கமலமே இல்லேங்குது அண்ணி." முப்பது பேரும் சிரித்தார்கள். அவளை "டூப்ளிகேட் கமலம்" என்று கூப்பிடுகிறவர்கள் இந்தத் தெருவில் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது விஷயம் முற்றியிருக்கிறது. அட்டையில் பெயர் உள்ள எல்லோரும் ரேகை வைத்து உறுதி செய்ய வேண்டுமாம். கமலத்தின் பெயருக்கு நேரே "சரிபார்க்கப்படவில்லை" என்று நிற்கிறது. கண்ணைப் படம் பிடிக்கும் மெஷினும் கைவிட்டுவிட்டது. புரை எடுத்த கண். இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று கடையில் சொல்கிறார்கள். அடுப்படியில் நிற்கிற மனுஷியை இல்லை என்று சொல்ல ஒரு மெஷினுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று அமர்வு சொல்ல வேண்டும். அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் நீ என்பதால் நீ வர வேண்டும்.

ஸ்டாம்ப் ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
சு. தேவராஜ்


திருமழிசை
24.5.2025

அண்ணனுக்கு,

அம்மையீராம். உறை மேல உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துட்டேன். பிரிச்சுப் பார்த்தா சம்மன்.

உன் சம்மனை எழிலரசிகிட்டக் காட்டினேன். எழிலரசி என் மருமகள், கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, பூந்தமல்லியில ஃபிளாட். என் மகன் கல்யாணத்துக்கு நீ வரலை, அதனால சொல்றேன். அவ போன்ல அந்த மாநாட்டைத் தேடிப் பார்த்துட்டு, "அத்தை, இது கோர்ட் இல்லை. ரெண்டு மூணு பேர் மேடையில உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசுவாங்க. மத்தவங்க கேட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்க. அதுக்குத்தான் அமர்வுன்னு பேரு" என்றாள்.

"தண்டனை எதுவும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்து கேக்கறதே தண்டனைதான் அத்தை."

ஆக, இது நீதிபதி உட்கார்ற அமர்வு இல்லை. சும்மா மனுஷங்க பக்கத்துப் பக்கத்துல உட்கார்றது. உனக்கு ஆகாத காரியம்.

ஆறு வருஷத்துல நீ எனக்கு எழுதின முதல் கடிதத்துல, நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி இல்லை. பரவாயில்லை. முழங்கால் வலிக்குது, மத்தபடி நல்லா இருக்கேன். அண்ணிக்குப் புரை எடுத்தது எனக்குத் தெரியும். யார் சொன்னான்னு கேட்காதே.

இன்னொன்னு. அன்னிக்கு நான் சொன்னதுல பாதியைத்தான் நீ ஆறு வருஷமா சுமந்துக்கிட்டுத் திரியறே. மீதியைக் கேட்க நீ வரவே இல்லை.

உன் ஸ்டாம்பை வீணாக்கலை. அதே உறையிலதான் அனுப்பறேன்.

அனுசுயா


மேனாம்பேடு
28.5.2025

அனுசுயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமர்வு என்ற சொல்லை நான் தவறாகப் படிக்கவில்லை. அவர்கள் தவறாக எழுதியிருக்கிறார்கள். கருத்தரங்கம் என்று எழுதியிருந்தால் நான் ஏன் உனக்குக் கடிதம் போடப் போகிறேன். இதைச் சுட்டிக்காட்டி மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு தபால் அட்டை போட்டிருக்கிறேன்.

ஆனாலும் முன்வைத்த காலைப் பின்வைப்பதாக இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள் அல்லவா. நாற்பத்தோரு மனுவில் ஒன்றைக்கூட யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெபா என்று ஒரு பெண்பிள்ளை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது. பாரத்தை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நிரப்பித் தரும். நான் மனுவை நீட்டியதும், "இன்னா தாத்தா, இத்தினி பக்கம் கீது. அவங்க முந்நூறு வார்த்தைதான் கேக்குறாங்கோ" என்றது. நான் யாருக்கும் தாத்தா இல்லை என்றேன். "சரி நைனா" என்றது.

பாரத்தில் முதல் கேள்வியே தகராறு. "நீங்கள் எந்தத் தரப்பு?" என்று கேட்டு ஒரு பட்டியல் விரிகிறது. அரசு, நிறுவனம், கல்வித்துறை, தன்னார்வ அமைப்பு, மற்றவை. வேலை செய்து விரல் தேய்ந்தவர்கள் என்று ஒரு தரப்பு அதில் இல்லை. ஜெபா என்னை "மற்றவை" என்று அழுத்திவிட்டது. ஐம்பது வருடம் உழைத்தவன் மற்றவை.

இரண்டாவது தகராறு நீ. பேச்சாளர்கள் இருவராவது வேண்டும், வெவ்வேறு தரப்பாக இருக்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு பெயரோடு அனுப்பினால் வாங்காது. மெஷினுக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். அந்தப் பக்கம் நின்றவர்களில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. எனவே எதிர்மனுதாரர் என்ற இடத்தில் மாற்றம் இல்லை.

மீதிப் பாதி என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன என்று எழுது. கேட்டுக்கொள்ளத் தயார். ஒப்புக்கொள்வதாக அர்த்தம் இல்லை.

முழங்காலுக்குக் கோணிப்பையைச் சுடவைத்து ஒற்றடம் கொடு. களிம்பு எல்லாம் ஏமாற்று.

தேவராஜ்


திருமழிசை
2.6.2025

அண்ணனுக்கு,

எழுதறேன். நீ நடுவுல எழுந்து போக முடியாதுங்கறதுதான் கடிதத்துல ஒரு வசதி.

அன்னிக்குக் கடையில செக்கிங். அதிகாரி ஒருத்தர் உள்ள கோதுமை மூட்டைக்குப் பின்னால உட்கார்ந்து ஸ்டாக் எண்ணிக்கிட்டிருந்தார். வரிசையில நின்னவங்களுக்கு அவர் தலை தெரியாது. எனக்கு முதுகுல அவர் கண்ணு குத்திக்கிட்டே இருந்தது.

மெஷின் வந்த நாள்லேர்ந்து என்கிட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. ரேகை விழாத கிழவன் கிழவிங்க பேரை அதுல எழுதி, பேனாவாலயே ஒரு கட்டம் கூடுதலா கோடு போட்டு, அந்தக் கட்டத்துல "எனக்குத் தெரிந்தவர்"னு எழுதிப் பொருளைக் கொடுத்திடுவேன். மேனாம்பேட்டுல பதினொரு பேர். நாலாவது பேர் கமலம்.

அதிகாரி உள்ள இருக்கிறப்ப அந்த நோட்டை எப்படி எடுக்கறது? அண்ணி பத்து விரலும் வெச்சுட்டு என் முகத்தைப் பார்க்கிறாங்க. நான் சொன்னது இது: "மெஷின் நீங்க கமலமே இல்லேங்குது அண்ணி. சாயந்தரமா கமலமா வாங்க." சொல்லிட்டு மூட்டைப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அண்ணிக்கு உடனே புரிஞ்சு போச்சு. முதல்ல சிரிச்சதே அவங்கதான். அவங்க சிரிச்சதைப் பார்த்துத்தான் வரிசை சிரிச்சது.

உனக்கு இதைச் சொன்னது யாரு? உங்க எதிர் வீட்டு வேம்புலியம்மாள். அது அரை வாக்கியத்தைக் கேட்டுக்கிட்டு அண்ணி வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடியே உன்கிட்ட ஓடி வந்தது. நீ மனுவை எழுதி நாலு மணிக்குத் தபால்பெட்டியில போட்டுட்டே. அண்ணி அஞ்சரைக்கு வந்து அரிசி வாங்கிக்கிட்டுப் போனாங்க.

"அந்தக் கடை அரிசி என் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது"ன்னு நீ சத்தம் போட்டியாம். அதுக்கப்புறமும் எனக்கு மாற்றல் வர்ற வரைக்கும் மாசா மாசம் நீ சாப்பிட்டது எந்த அரிசின்னு அண்ணிகிட்டக் கேளு.

மனுவை வெச்சுக்கிட்டு விசாரணைக்கு வந்தாங்க. உன் மனுவுல இருந்தது, ரேகை விழலைன்னு நான் திருப்பி அனுப்பினேன்னு. அவங்க தேடினப்ப கிடைச்சது ரேகை விழாம கொடுத்த நோட்டு. "இந்தக் கட்டம் எந்த விதிப்படிம்மா?"ன்னு கேட்டாங்க. "எனக்கு அவங்களைத் தெரியும் சார்" என்றேன். "உனக்குத் தெரிஞ்சா போதாது. மெஷினுக்குத் தெரியணும்" என்றார். நோட்டை எடுத்துக்கிட்டுப் போனாங்க. மெமோ, மாற்றல். எனக்குப் பின்னால வந்தவர் விதிப்படி நடக்கிறவர். பூங்காவனம் கிழவி மூணு மாசம் வெறும் பையோட திரும்பிப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்.

இந்த முப்பதாம் தேதி எனக்கு ஓய்வு. இருபத்தெட்டு நாள் இருக்கு. இன்னொரு மெமோ இல்லாம வெளியே வரணும், அவ்வளவுதான் என் ஆசை. விதியை மீறினேன்னு நானே மேடை ஏறிச் சொல்றதா ஒரு பாரத்துல பேரு வந்துட்டா, அதை யார் எங்க படிப்பாங்கன்னு தெரியாது. அதனால என் பேரைப் போடாதே. கெஞ்சலைன்னு நினைக்காதே, கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அனுசுயா

கோணிப்பை ஒற்றடம் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை.


மேனாம்பேடு
7.6.2025

அனுசுயாவுக்கு,

கமலத்திடம் கேட்டேன்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா? மனு எழுதிக்கினு இருந்தீங்க."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமாத்தான் எழுதிக்கினு கீறீங்க."

அந்த அரிசியை வேறு பையில் மாற்றிக் கொட்டி, மார்க்கெட் அரிசி என்று சொல்லியிருக்கிறாள். ரேஷன் அரிசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார் என்று நான் அவளிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதையும் ஞாபகப்படுத்தினாள்.

பூங்காவனம் வீட்டுக்குப் போனேன். ரயில்வே லைன் ஓரமாக இருக்கிறது. என்னை உட்காரச் சொன்னது. மனுப் போட்டவன் நான்தான் என்று சொன்னேன். "உன் தங்கச்சி இருந்தப்போ பேரச் சொல்லிக் கூப்டும். 'பூங்காவனம், வா, மழ வரதுக்குள்ள வாங்கினு போ'ன்னும். இப்ப நான் டோக்கன் நாப்பத்தி மூணு" என்றது. திரும்பி வரும்போது பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன்.

என் மனுவில் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை என்பதை மறுபடி படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தேதி சரி, நேரம் சரி, சொன்ன சொல்லும் சரி. தகவல் குறைவு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறைவு பதினொரு பேர் தட்டில் விழுந்திருக்கிறது. உன் தலையிலும் விழுந்திருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்லை வைத்து நாலைந்து வரி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் மனு நடையில்தான் வருகிறது. "மன்னிக்குமாறு பணிவுடன் கோருகிறேன்" என்று எழுதிவிட்டுக் கீழே தானாகவே "இணைப்பு" என்று எழுதப் போய்விட்டேன். எனவே விட்டுவிட்டேன்.

உன் பெயரைப் போடவில்லை. உனக்குப் பதிலாகக் கமலத்தைப் போடலாமா என்று கேட்டேன். "நான் கமலம்னு நாலு பேர் முன்னாடி உக்காந்து நிரூபிக்கணுமா? போய் வேலையப் பாருங்க" என்றாள். ஒற்றைப் பெயரோடு அனுப்பிப் பார்த்தோம், சிவப்பு எழுத்து வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள பாரத்தைக் கிழிக்க முடியாது என்பதால் பிரிண்ட் எடுத்ததைக் கிழித்துப் போட்டேன். இந்த விஷயத்தில் இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

முப்பதாம் தேதி வரை அந்த நோட்டு மாதிரி எதையும் வைத்துக்கொள்ளாதே.

தேவராஜ்


திருமழிசை
11.6.2025

அண்ணனுக்கு,

நீ ஒரு காரியத்தைப் பாதியில விட்டுட்டேன்னு எழுதினதை நான் இதுவரைக்கும் படிச்சதே இல்லை. அண்ணிக்கு உடம்பு ஏதாவதான்னு பயந்துட்டேன்.

நீ வெச்சுக்காதேன்னு சொன்ன நோட்டு இங்கயும் இருக்கு. இந்த ஊர்ல ஏழு பேர். அதுல ஒருத்தர் கொத்தனார் வேலை பார்த்த பெரியவர். சிமெண்டு தின்ன விரல். திங்கட்கிழமை வந்து வெச்சார். விழலை. வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். மேசைக்கு அடியில நோட்டை எடுக்கப் போன கை அப்படியே நின்னுடுச்சு. இன்னும் மூணு வாரம், எதுக்கு வம்புன்னு தோணிச்சு. "அப்புறம் வாங்க பெரியவரே" என்றேன்.

அவர் பையை நாலா மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போயிட்டார். அன்னிக்கு அண்ணிகிட்டச் சொன்னது பாதி வேஷம். இது வேஷம் இல்லை. நிஜமாவே திருப்பி அனுப்பினேன். கடையில செக்கிங் கூட இல்லை அண்ணே, யாருமே இல்லை.

மறுநாள் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி வரவழைச்சுக் கொடுத்துட்டேன். வாங்கிக்கிட்டார். ஆனா முந்தின நாள் நான் அவரைத் தெரியாதவ மாதிரி பார்த்தேன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால என் பேரைப் போடு. மெமோ வந்தா வரட்டும். எழிலரசி "அத்தை, மாநாடு செப்டம்பர்ல, அப்போ நீங்க ஃப்ரீ பேர்டு" என்கிறாள். பாரம் போற தேதி ஜூன்ங்கறதை அவ கவனிக்கலை. நான் கவனிச்சுத்தான் சொல்றேன்.

ரெண்டு நிபந்தனை. எதிர்மனுதாரர்ங்கற வார்த்தை எங்கயும் வரக்கூடாது. இரண்டாவது, என் நோட்டைப் பத்தி எழுதறப்ப உன் மனு என்ன பண்ணிச்சுங்கறதையும் எழுதணும். நீ யோக்கியன், மெஷின் அயோக்கியன்னு எழுதினா நான் வரமாட்டேன். வர்றதுன்னா ரெண்டு பேரும் வரணும்.

அனுசுயா


மேனாம்பேடு
14.6.2025

அனுசுயாவுக்கு,

இரண்டு நிபந்தனைகளும் ஏற்கப்பட்டன. முதலாவதை உடனே ஏற்றேன். இரண்டாவதற்கு இரண்டு நாள் ஆனது.

எழுதியதன் நடுப்பகுதியைக் கீழே தருகிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்.

"தலைப்பு: எனக்குத் தெரிந்தவர். பேசுபவர்கள்: அனுசுயா, ரேஷன் கடை விற்பனையாளர். தேவராஜ், அவருடைய அண்ணன். மெஷின் ஒரு மனுஷியைத் தெரியாது என்றபோது, தங்கை அவளைத் தெரியும் என்று ஒரு நோட்டில் எழுதினாள். அண்ணன் விவரம் கேட்காமல் மனு எழுதினான். அண்ணனின் மனு தங்கையின் நோட்டைப் பிடித்துக் கொடுத்தது. பதினொரு பேர் வெறும் பையோடு திரும்பினார்கள். மெஷினும் தனக்குக் கிடைத்த பாதித் தகவலை வைத்து முழு முடிவு எடுக்கிறது. அண்ணனும் அதையே செய்தான். மெஷினைத் திருத்த ஆள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும், தெரிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இடம் வேண்டும் என்று கேட்பதற்காக இருவரும் வருகிறோம்."

உன் பெயர் முதலில் இருப்பதைக் கவனித்திருப்பாய். அகர வரிசைப்படி போட்டேன். வேறு காரணம் இல்லை.

முந்நூறு சொல்லுக்குப் பதினாறு கூடுதலாகப் போய்விட்டது. ஒரு சொல்லைக்கூட வெட்ட எனக்கு மனம் வரவில்லை. ஜெபா கைவிரித்துவிட்டது. பிறகு நான் தனித்தனியாக இருந்த சொற்களைப் புணர்ச்சி விதிப்படி சேர்த்து எழுதச் சொன்னேன். "வந்து இருக்கிறது" என்பது வந்திருக்கிறது ஆனது. "என்று எழுதினாள்" என்பது என்றெழுதினாள் ஆனது. கம்ப்யூட்டர் சேர்த்து எழுதியதை ஒரே சொல்லாகத்தான் எண்ணுகிறது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தினேன். "நைனா, நீ படா ஆளு" என்றது ஜெபா. எட்டாவது வரைதான் படித்தேன் என்று சொன்னேன்.

இன்று மாலை நாலே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினோம். இன்னும் ஒரு வேலை பாக்கி. இரண்டாவது பேச்சாளர் சம்மதிக்கிறார் என்பதற்காக உன் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும். அதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதித் தபாலில் அனுப்பவும். கிடைத்ததும் ஜெபா அதைப் பதிந்துவிடும்.

தேவராஜ்


திருமழிசை
17.6.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்னிக்குத்தான் வந்தது. நீ கேட்ட எண் சனிக்கிழமை நாலே முக்காலுக்கே வந்துடுச்சு. என்னன்னு தெரியாம காலண்டர் தாள் பின்னால எழுதி வெச்சிருந்தேன். இதோ: 4 0 8 1 7 3.

எழிலரசிகிட்ட இதைத் தபால்ல அனுப்பணும்னு சொன்னேன். முதல்ல புரியலை. புரிஞ்சதும் தரையில உட்கார்ந்து சிரிச்சா. அந்த எண் பத்து நிமிஷம் வரைக்கும்தான் செல்லுமாம் அண்ணே. அதுலயே கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு. மேனாம்பேட்டுக்கும் திருமழிசைக்கும் நடுவுல பத்து நிமிஷத்துல ஓடற தபால்காரர் இன்னும் பொறக்கலை.

மறுபடி பொத்தானை அழுத்தினா மறுபடி புது எண் வரும். வந்த உடனே நான் சொல்லணும், நீ கேட்கணும். அதுக்குக் கடிதம் உதவாது. அண்ணிகிட்டக் கொடுத்துப் பேசச் சொல்லலாம்னு நினைப்பே. நான் அண்ணிகிட்டப் பேசிட்டேன், அவங்க பேசமாட்டாங்க.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அன்னிக்கு மத்தியானம் ஒன்றரைக்குக் கடையைச் சாத்திட்டுச் சாப்பிட உட்காருவேன். மூணு மணி வரைக்கும் போன் கையிலேயே இருக்கும். என் நம்பர் மாறலை.

நீ எழுதியிருக்கிறதுல ஆட்சேபம் ஒன்னும் இல்லை. எழிலரசி சத்தமாப் படிச்சா. "அண்ணனும் அதையே செய்தான்"ங்கற இடம் வந்தப்ப நிறுத்தி, "இவர்தானா அந்த மாமா?" என்று கேட்டா. ஆமாம்னேன்.

இதை விரைவுத் தபால்ல அனுப்பறேன்.

அனுசுயா


மேனாம்பேடு
22.6.2025

அனுசுயாவுக்கு,

பாரம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வந்திருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. முடிவை ஜூலை பத்தாம் தேதி சொல்வார்களாம். முடிவே இறுதியானது, மறுபரிசீலனை இல்லை என்று அடியில் போட்டிருக்கிறது. அதை ஆட்சேபித்து ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பத்தாம் தேதி வரை அனுப்பமாட்டேன்.

கமலத்தின் பெயருக்கு நேரே இன்னும் "சரிபார்க்கப்படவில்லை" என்றுதான் இருக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன். அந்தச் சண்டை தனி. அதற்கு நாற்பத்திரண்டாவது மனு தயாராகிறது. இந்த முறை அனுப்பும் முன் கமலம் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

முப்பதாம் தேதி சாயந்தரம் நீ கடையைப் பூட்டும் நேரத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். குமணன்சாவடியில் பஸ் மாற வேண்டும் என்று கமலம் சொல்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மாலை, சால்வை எதுவும் கொண்டுவரமாட்டேன். உன் நோட்டை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதே. அமர்வுக்கு வேண்டும்.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி ஒரு விவரம் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நீ தவறாக எடுத்துக்கொண்டிருப்பாய் என்பதால்.

இரண்டு பத்துக்கு ஜெபா பொத்தானை அழுத்தியது. "பத்து நிமிஷம்தான் நைனா, சீக்கிரம் போடு" என்றது. கமலம் பக்கத்தில் நின்றுகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் போட்டோ விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். நம்பரைப் போட்டுக் கொடு என்றேன். "உங்க தங்கச்சி, உங்க விரல், நீங்களே போடுங்க" என்றாள். உன் நம்பரை எதிலும் பார்க்காமல் போட்டேன். ஆறு வருடத்தில் அது எங்கும் போய்விடவில்லை.

நீ எடுத்தாய். நான் பேசவில்லை, நீயும் பேசவில்லை. ஜெபா கடிகாரத்தைக் காட்டியது. "சொல்" என்றேன். நீ எண்ணைச் சொன்னாய். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. ஏழுக்கு வரும்போது உன் குரல் கொஞ்சம் மாறியது.

"சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்" என்றேன். நீ இன்னொரு தரம் சொன்னாய். அதற்குப் பிறகு நான் போனை வைத்துவிட்டேன். எண் கிடைத்தது, வேலை முடிந்தது, வைத்துவிட்டான் என்று நீ நினைத்திருக்கலாம். வயசாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது என்றும் நினைத்திருக்கலாம்.

என் காதுக்கு ஒன்றும் இல்லை. முதல் தடவையே தெளிவாகக் கேட்டது.

அண்ணன்,
தேவராஜ்